ட்ராவல் ட்ரெயிலருக்கு அடியில ஓடுற ஒயரை உராய்வு, தண்ணி, உப்புல இருந்து காப்பாத்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மிச்சிகன்ல இருக்குற லடிங்டன் ஸ்டேட் பார்க்ல மூணு நாள் தங்கிட்டு ராத்திரி ஐ-96 ஹைவேல வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தோம். திடீர்னு ட்ரக்ல இருந்து ட்ரெயிலர் பிரேக்கை இயக்குற பிரேக் கன்ட்ரோலர் ஷார்ட்னு காட்டுச்சு, ரெண்டு செகண்ட்ல தானா சரியாயிருச்சு, அப்புறம் ரோட்டுல ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுனதும் மறுபடி அதே. பின் சீட்ல ரெண்டு பசங்க தூங்கிட்டு இருக்காங்க, எங்களுக்குப் பின்னாடி 6,000 பவுண்டு எடை வந்துட்டு இருக்கு, அதுக்கு பிரேக் இருக்கா இல்லையான்னே தெரியல. வலது லேன்லயே மெதுவா ஓட்டி வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலைல அட்டையை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். பிரேக் ஒயர் ஒரு சக்கரத்துல இருந்து இன்னொரு சக்கரத்துக்கு ஆக்ஸில் குழாய்க்கு உள்ளயே போகுது, அதுல உறை தேஞ்சு செம்பு வெளிய தெரியுது. டெயில் லைட் ஜாயின்ட்ல பச்சைக் களிம்பு. ஒயர்மேல மாட்டுற பிளாஸ்டிக் குழாய் உறை, லூம்னு சொல்லுவாங்க, அது ஒண்ணு தொங்கிப்போய் அதுக்குள்ள தண்ணி நின்னுட்டு இருக்கு. இது எல்லாம் நாலே வருஷம் ஆன வண்டில. அதுக்கப்புறம் ரெண்டு வார இறுதி முழுக்க அடியிலயே கிடந்து எல்லாத்தையும் மாத்தினேன். நம்மாளுங்க நிறைய பேர் இப்போ பழைய ட்ரெயிலர் வாங்குறாங்க, வாங்குறப்போ சமையலறை, பெட், ஏசி எல்லாம் பாக்குறோம், அடியில குனிஞ்சு யாரும் பாக்குறதில்ல, அதனாலதான் இதை இவ்வளவு விவரமா எழுதுறேன்.

ஏன் கெட்டுப்போகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க

காரணம் மூணு: உராய்வு, தண்ணி, உப்பு. எலியை நாலாவதா வச்சுக்கலாம், அதுக்குக் கடைசில வர்றேன்.

உராய்வு எப்படின்னா, ரோட்டுல ஓடும்போது ட்ரெயிலர் ஃப்ரேம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எறும்பூரக் கல்லும் தேயும்னு சொல்லுவாங்கல்ல, ஃப்ரேம்ல துளை போட்டு ரப்பர் குரோமெட் (துளை விளிம்புல மாட்டுற ரப்பர் வளையம்) போடாம ஒயரை விட்டா அந்த இரும்பு விளிம்பு ஒவ்வொரு மைலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உறையைச் சீவிட்டே இருக்கும். ஆக்ஸில் குழாய்க்குள்ள போற ஒயரும் அதே கதிதான், உள்ள பிடிப்பு எதுவும் இல்லாம குழாயோட சுவர்ல தட்டிக்கிட்டே கிடக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

தண்ணி விஷயம் பலருக்குத் தப்பாப் புரிஞ்சிருக்கு. ஒயர்மேல மழை பட்டா ஒண்ணும் ஆகாது, ஜாயின்ட்டுக்குள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம நிக்குறதுதான் பிரச்சனை. விளக்குத் திரி எண்ணெயை இழுக்குற மாதிரி, பின்னிப் பின்னி இருக்குற செம்புக் கம்பி இழைங்க தண்ணியை உறைக்குள்ள இழுத்துட்டுப் போயிரும். ஜாயின்ட்ல ஆரம்பிச்ச களிம்பு ஒரு அடி ரெண்டு அடி உள்ள வரைக்கும் போறது இதனாலதான்.

அப்புறம் உப்பு. நாங்க இருக்குறது மிச்சிகன், டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில 1,100 அடிக்கும் கீழ உப்புச் சுரங்கமே இருக்கு, குளிர்காலத்துல ரோடு பூரா உப்புதான். "நான் குளிர்காலத்துல ட்ரெயிலரை வெளிய எடுக்குறதே இல்லையே"ன்னு பல பேர் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கோடைல கேம்ப்கிரவுண்டுக்குப் போற மண் ரோடுகள்ல தூசி பறக்காம இருக்க உப்புத்தண்ணி தெளிக்கிறாங்க, அதுல கால்சியம் குளோரைடு இருக்கு. நம்ம ஊர்ல மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடி கசிஞ்சு ஈரமா நிக்கும்ல, இது அதைவிடப் பலமடங்கு ஈரத்தை இழுக்கும், காத்துல இருக்குற ஈரத்தையே இழுத்து வச்சுக்கும். வெயில் அடிச்சாலும் அந்த இடம் காயாது.

இன்னொண்ணு சொல்லணும். உப்புத்தண்ணில நனைஞ்ச ஒயர்ல கரண்டும் இருந்தா அரிப்பு ரொம்ப வேகமா நடக்கும், அதுலயும் பாசிட்டிவ் பக்கம்தான் கரைஞ்சு போகும். பேட்டரில இருந்து நேரா வர்ற ஒயர்ல 24 மணி நேரமும் 12 வோல்ட் நிக்குது, ட்ரெயிலர் வீட்டு வாசல்ல சும்மா நின்னாலும் நிக்குது. எங்க வண்டில மோசமா போயிருந்த ஜாயின்ட் எல்லாம் அந்த லைன்லதான் இருந்துச்சு.

அடியில போறதுக்கு முன்னாடி

இதுல அவசரமே கூடாது. சமமான காங்க்ரீட் தரைல நிறுத்துங்க, முடிஞ்சா ட்ரக்கோட மாட்டியே வைங்க, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சாக் (உருளாம தடுக்குற கட்டை) வைங்க. தூக்கணும்னா ஃப்ரேம்ல ஜாக் வச்சுத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டையும் ஃப்ரேமுக்கு அடியிலதான் வைக்கணும், ஆக்ஸில் குழாய்ல ஜாக் வைக்காதீங்க, வளைஞ்சிரும். நாலு மூலைலயும் இருக்குற ஸ்டெபிலைசர் இருக்கே, அது ஆடாம இருக்க மட்டும்தான், எடை தாங்குறதுக்கு இல்ல, அதை நம்பி யாரும் அடியில படுக்காதீங்க.

கரண்டை எல்லா வழிலயும் நிறுத்தணும். ஷோர் பவர் கேபிளை (வெளிய இருந்து ட்ரெயிலருக்கு 120 வோல்ட் கொண்டு வர்றது) பிடுங்குங்க, ட்ரக்ல இருந்து 7 பின் பிளக்கைப் பிடுங்குங்க, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க, கூரைல சோலார் பேனல் இருந்தா அதையும் துண்டிங்க, ஏன்னா பேட்டரி இல்லாட்டியும் சோலார்ல இருந்து கரண்ட் வரலாம். டிஸ்கனெக்ட் ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் போறது போதாது, பிரேக்அவே ஸ்விட்ச் (ட்ரெயிலர் கழண்டு போனா தானா பிரேக் போடுறது) ஒயர் பெரும்பாலும் அந்த ஸ்விட்சுக்கு முன்னாடியே பேட்டரில மாட்டியிருக்கும். கேஸ் சிலிண்டரையும் மூடிருங்க.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கங்க, படுத்துட்டு மேல பாத்து வேலை செய்றப்போ துரு எல்லாம் நேரா கண்ணுலதான் விழும்.

படி 1: கழுவுங்க, காய விடுங்க, அப்புறம் பாருங்க

நேரா டூல்ஸோட போகாதீங்க. புல்லுக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளரை ட்ரெயிலருக்கு அடியில வச்சு அரை மணி நேரம் ஓட விடுங்க, அப்புறம் இடம் மாத்தி இன்னொரு அரை மணி நேரம். பிரஷர் வாஷர் வேண்டாம், அந்த வேகத்துல தண்ணி கனெக்டருக்குள்ளயும் வீல் பேரிங் சீலுக்குள்ளயும் போயிரும். கழுவிட்டு ரெண்டு நாள் வெயில்ல நல்லா காய விடுங்க. ஈரத்தோட மூடினா உப்பையும் சேர்த்து உள்ள வச்சு பூட்டுற மாதிரிதான், இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான்.

காஞ்சதும் தலைல மாட்டுற நல்ல லைட் போட்டுக்கிட்டு முன்னாடி டங்ல (ட்ரக்கோட மாட்டுற முன் நீட்டு ஃப்ரேம்) இருந்து பின்னாடி பம்பர் வரைக்கும் ஒவ்வொரு ஒயரையும் கையால தொட்டுக்கிட்டே போங்க. ஒவ்வொரு இடத்தையும் மாத்துறதுக்கு முன்னாடி ஃபோன்ல போட்டோ எடுங்க. தேஞ்ச உறை, தொங்குற லூம், பச்சை கட்டுன ஜாயின்ட், சூட்டுல நிறம் மாறுன கனெக்டர், அறுந்து போன ஜிப் டை, எல்லாத்துக்கும் பக்கத்துல ஃப்ரேம்ல மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போடுங்க. எங்க வண்டில 23 இடம் வந்துச்சு.

படி 2: எந்த ஒயர் எதுக்குன்னு மீட்டர் வச்சு கண்டுபிடிங்க

கலரை நம்பாதீங்க. ட்ரக், சாதா ட்ரெயிலர் பக்கம் ஒரு கலர் வழக்கம் இருக்கு, அதுல பிரவுன் டெயில் லைட்டு, மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர். ஆர்வி, அதாவது இந்த மாதிரி தங்குற வசதியுள்ள வண்டி செய்றவங்க பழைய வழக்கப்படி பச்சைய டெயில் லைட்டுக்கும், சிவப்ப இடதுக்கும், பிரவுன வலதுக்கும் போடுவாங்க. ரெண்டு வழக்கத்துலயும் ஒத்துப்போறது வெள்ளை கிரவுண்டு, நீலம் பிரேக்கு, கருப்பு பேட்டரி சார்ஜ் லைன், இந்த மூணுதான்.

அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. அமெரிக்க வீட்டு ஒயரிங்ல 120 வோல்ட் கரண்ட் வர்றதும் கருப்புதான், அதோட நியூட்ரல் வெள்ளை. ட்ரெயிலர்ல 12 வோல்ட் பாசிட்டிவும் கருப்பா இருக்கலாம், நெகட்டிவ் வெள்ளை. சில வண்டில 120 வோல்ட் கேபிளும் அடி வழியாத்தான் போகும். தட்டையா தடிச்ச உறைக்குள்ள கருப்பு, வெள்ளை, அதோட வெறும் செம்பு ஒண்ணுன்னு மூணு கம்பி சேர்ந்து இருந்தா அது வீட்டுக் கரண்டு கேபிள், அதைத் தொடாதீங்க, அதுல தேய்மானம் தெரிஞ்சா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இந்த வழிகாட்டி 12 வோல்ட்டுக்கு மட்டும்தான்.

படி 3: ஆக்ஸில் குழாய்க்குள்ள போற பிரேக் ஒயர்

எனக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்குன்னு நீங்க சொன்னா, இதைச் செய்யுங்கன்னுதான் சொல்லுவேன்.

முதல்ல டெஸ்ட். ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் பிரேக் ஒயரைக் கழட்டிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஒரு முனையைக் குழாய்க்குள்ள போற ஒயர்லயும் இன்னொண்ணை சுரண்டுன ஆக்ஸில் இரும்புலயும் வைங்க. ஒண்ணும் காட்டக் கூடாது, திறந்த சர்க்யூட்டா இருக்கணும். எந்த நம்பர் வந்தாலும் உறை போயிருச்சுன்னு அர்த்தம். சில நேரம் நின்னா சரியா காட்டும், ஆடுனாத்தான் ஷார்ட் ஆகும், அதனால ஒயரை இழுத்து அசைச்சுக்கிட்டே பாருங்க. அடுத்து ஒவ்வொரு சக்கரத்துலயும் பிரேக் மேக்னட்டோட (கரண்ட் வந்ததும் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற மின்காந்தம்) ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க, 10 இன்ச் 12 இன்ச் டிரம்ல சுமாரா 3ல இருந்து 4 ஓம் வரும். ரொம்பக் குறைஞ்சா மேக்னட் உள்ள ஷார்ட், ஒண்ணுமே வரலைன்னா அறுந்துருச்சு.

டெஸ்ட் நல்லா வந்தாலும் நான் குழாய்க்குள்ள போற ஒயரை விட்டு வைக்க மாட்டேன். பழசை உள்ளயே கிடக்க விட்டு ரெண்டு முனையையும் வெட்டி மூடிட்டு, புது ஒயரை ஆக்ஸிலுக்கு வெளிய, அதோட மேல்பக்கம் பின்னாடி ஒட்டுனாப்ல கொண்டு போங்க. முன்பக்கம் வேண்டாம், கல்லு அடிக்கும். அடிப்பக்கமும் வேண்டாம், மரக்கிளை மாட்டும்.

ஒயர் தடிமன்ல கஞ்சத்தனம் காட்டாதீங்க, கணக்கைப் பாருங்க. தடிமனை கேஜ்ல சொல்லுவாங்க, நம்பர் குறைஞ்சா ஒயர் தடிமன் கூட. ஒரு மேக்னட் 12 வோல்ட்டுல சுமார் 3 ஆம்ப் இழுக்கும், ரெண்டு ஆக்ஸில் வண்டில நாலு மேக்னட், மொத்தம் 12 ஆம்ப். முன்னாடி இருந்து ஆக்ஸில் வரைக்கும் 25 அடின்னா போக வர 50 அடி. 16 கேஜ் ஒயர் 1,000 அடிக்கு சுமார் 4 ஓம், அப்போ 50 அடில 0.2 ஓம், 12 ஆம்ப் போனா 2.4 வோல்ட் ஒயர்லயே போயிரும், பேட்டரில 12 இருந்தா பிரேக்குக்கு 9.6தான் கிடைக்குது. அதே 10 கேஜ்னா 1,000 அடிக்கு 1 ஓம்தான், 0.6 வோல்ட் மட்டுமே குறையும். ட்ரெயிலர் வாங்குன நாள்ல இருந்தே பிரேக் சரியாப் பிடிக்கலைன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. நான் மெயின் லைனுக்கு 10 கேஜும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் இறங்குற துண்டுக்கு 14 கேஜும் போட்டேன். நீல ஒயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன்ல வெள்ளை கிரவுண்டையும் கொண்டு போகணும், பாதி பேர் இதை மறந்துட்டு ஃப்ரேம்ல ஒரு ஸ்க்ரூ போட்டு விட்டுருவாங்க.

மேக்னட்டோட ரெண்டு ஒயருக்கும் பாசிட்டிவ் நெகட்டிவ் வித்தியாசம் கிடையாது, எதை எதுல வேணாலும் மாட்டலாம்.

ஃப்ரேம்ல இருந்து ஆக்ஸிலுக்கு இறங்குற இடத்துல கவனம் வேணும். லீஃப் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது ஆக்ஸில் மேலயும் கீழயும் போகும், அங்க ஒயரை இழுத்துக் கட்டினா அறுந்துரும், ரொம்பத் தளர்வா விட்டா சக்கரத்துல மாட்டும். ஒரு சின்ன வளையம் மாதிரி தளர்வு விடுங்க, அந்த வளையம் ஆக்ஸிலை விடக் கீழ தொங்கக் கூடாது. அந்தத் துண்டுக்கு மட்டும் நான் காருக்குப் போடுற ஹீட்டர் ரப்பர் ஹோஸை வெட்டி உறையா மாட்டிருக்கேன், கல்லடி தாங்குது, நல்லா வளையவும் செய்யுது.

டயருக்கு நேர் மேல எந்த ஒயரும் போகாம பாத்துக்கங்க. ட்ரெயிலர் டயர் வெடிச்சா அந்த ரப்பர்ப் பட்டை சாட்டை மாதிரி சுத்தி அடிக்கும், அங்க இருக்குற ஒயர், கேஸ் பைப், தரைத் தகடு எல்லாத்தையும் கிழிச்சுட்டுப் போயிரும்.

படி 4: ஜாயின்ட்டுகள்

ஒயரைக் கீறி மாட்டுற நீல பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு இருக்கும், உறையை உரிக்காமலே இன்னொரு ஒயரை அதுல சேக்கலாம். வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துல சரி, அடியில அது இருந்தா ஒண்ணு விடாம எடுத்துருங்க. ஒயர் நட், கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்துனது, இதுவும் அப்படித்தான், டேப் ரெண்டு கோடைல பசை விட்டுரும், ஆனா ஈரத்தை மட்டும் விடாமப் பிடிச்சு வச்சிருக்கும்.

வெட்டும்போது செம்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் வெட்டிட்டே போங்க. உள்ள இழை கருப்பா இருந்தா அது நல்ல செம்பு இல்ல. பித்தளைக் குடத்துல களிம்பு பிடிச்சா புளி போட்டு விளக்கிரலாம், பின்னல் ஒயர்ல அது நடக்காது, எந்த அமிலமும் இழைக்கு நடுவுல தங்கி மறுபடி அரிக்கும். வெட்டி எறிஞ்சுட்டு புதுத் துண்டு சேருங்க. புதுசு வாங்கும்போது படகுக்குப் போடுற, வெள்ளீயம் பூசுன செம்பு ஒயரா வாங்குங்க. இங்க மெரைன் ஒயர்னு கேட்டா கிடைக்கும், ஒவ்வொரு இழையும் வெள்ளி மாதிரி இருக்கும், விலை கொஞ்சம் கூட, ஆனா உப்புக்கு நல்லா தாங்கும்.

சேக்குறதுக்கு உள்பக்கம் பசை தடவுன ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர், ரெண்டு ஒயர் முனையையும் உள்ள விட்டு அமுக்குற, சூடு காட்டுனா சுருங்குற சின்னக் குழாய். சிவப்பு மெல்லிசு ஒயருக்கு, நீலம் 16-14 கேஜுக்கு, மஞ்சள் 12-10 கேஜுக்கு. அதுக்குன்னு இருக்குற ராட்செட் கிரிம்பர்ங்குற அமுக்குற கருவி வச்சு அமுக்கணும், சாதா பிளையர்ல அமுக்கினா உறை கிழிஞ்சு தண்ணி போற வழி நம்மளே செஞ்ச மாதிரி ஆயிரும். அமுக்கிட்டு ரெண்டு பக்கமும் நல்லா இழுத்துப் பாருங்க, வந்தா இப்பவே வரட்டும். அப்புறம் ஹீட் கன்னால நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு முனைக்கும் சூடு காட்டுங்க, முனைல பசை கொஞ்சம் வெளிய பிதுங்கி வரணும், அது வந்தாத்தான் உள்ள சீல் ஆயிருக்குன்னு அர்த்தம். லைட்டர், டார்ச் வேண்டாம், பக்கத்துல கேஸ் பைப்பும் பிளாஸ்டிக் தகடும் இருக்கு.

சால்டர் பண்ணலாமான்னு என் ஃப்ரெண்டு ஒருத்தர் விடாமக் கேட்டுட்டே இருந்தார், எலக்ட்ரானிக்ஸ் ஆளு. சால்டர் ஏறுன இடம் கம்பி மாதிரி விறைச்சுக்கும், அது முடியுற இடத்துல அதிர்வுல ஒடியும். படகு ஒயரிங்ல சால்டரை மட்டுமே பிடிப்பா நம்பக் கூடாதுன்னு விதியே இருக்கு. நல்ல கிரிம்ப்தான் இங்க சரி.

இன்னொரு எச்சரிக்கை. ஜாயின்ட்டை மூட கடைல கிடைக்கிற சாதா சிலிகான் சீலன்ட் தடவாதீங்க, வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது செம்பைத் தின்னும். தேவைப்பட்டா நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கறத வாங்குங்க.

படி 5: கிரவுண்டு

லைட் மங்குறது, ஒரு இண்டிகேட்டர் போட்டா இன்னொண்ணும் லேசா மினுக்குறது, இதெல்லாம் பெரும்பாலும் கிரவுண்டு கோளாறு. ஃப்ரேம்ல மாட்டுன ஒவ்வொரு கிரவுண்டு ஸ்க்ரூவையும் கழட்டி, பெயின்ட்டையும் துருவையும் பளபளக்குற இரும்பு வரைக்கும் சுரண்டி, புது ரிங் டெர்மினல் போட்டு, நட்சத்திர வாஷரோட முறுக்குங்க. முறுக்கி முடிச்சப்புறம்தான் மேல பெயின்ட்டோ கிரீஸோ, முன்னாடி இல்ல. நான் இன்னும் ஒரு படி போய் டெயில் லைட்டுக்குத் தனி வெள்ளை ஒயரையே முன்னாடி ஜங்ஷன் பாக்ஸ் (ஒயர் எல்லாம் ஒண்ணு சேர்ற பெட்டி) வரைக்கும் இழுத்துட்டேன், ஃப்ரேமை நம்புற வேலையே இல்ல.

படி 6: உறையும் பிடிப்பும்

கடைல கிடைக்கிற பிளவு லூம் நல்லதுதான், ஆனா அதைப் போடுறதுலதான் தப்பு நடக்குது. பிளவு கீழ பாத்து இருக்கணும். மேல பாத்து இருந்தா அது ஒயருக்குக் கட்டுன வாய்க்கால், தண்ணியும் மண்ணும் உள்ள வந்து நிக்கும். ஒரு முனைல இருந்து இன்னொரு முனை வரைக்கும் டேப் சுத்தி மூடாதீங்க, அங்கங்க மட்டும் சுத்துங்க, தாழ்வான இடத்துல ஒரு சின்ன ஓட்டை விடுங்க. பிளவு இல்லாத குழாய், அதாவது கண்டுயிட் போட்டாலும் இதே விதிதான், தண்ணி எங்கயாவது ஒரு வழில உள்ள வந்தே தீரும், அது போறதுக்கு நம்மதான் வழி வைக்கணும்.

பிடிப்புக்கு ரப்பர் வச்ச பி கிளாம்ப் (ஒயரைச் சுத்திப் பிடிச்சு ஃப்ரேம்ல ஸ்க்ரூ பண்ற பட்டை), 18 இன்ச்சுக்கு ஒண்ணு, வளைவு இருந்தா இன்னும் நெருக்கமா. ஜிப் டை போடணும்னா வெயில் தாங்குற கருப்பு வகை, அதுவும் கிளாம்ப்புக்கு நடுவுல துணைக்கு மட்டும். கேஸ் பைப்ல ஒயரைக் கட்டவே கட்டாதீங்க, பக்கத்துலயே பைப் இருக்குன்னு எங்க வண்டில கம்பெனிலயே கட்டிவிட்டிருந்தாங்க, உறை தேஞ்சு பைப்புல பொறி வந்தா என்ன ஆகும்னு நினைச்சே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

ஃப்ரேம்ல துளை போடணும்னா ஐ வடிவ பீமோட நடு உயரத்துல போடுங்க. மேல் பட்டைலயும் கீழ் பட்டைலயும் போடக் கூடாது, பலம் முழுக்க அங்கதான் இருக்கு. துளை போடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் என்ன இருக்குன்னு கை விட்டுப் பாருங்க, தண்ணி டேங்கு இருக்கலாம். போட்ட துளைக்கு பெயின்ட் தடவுங்க, ஒயர் அது வழியாப் போனா குரோமெட் கட்டாயம்.

படி 7: முன்னாடி பிளக், ஜங்ஷன் பாக்ஸ், பேட்டரி

7 பின் பிளக்கை உபயோகிக்காதப்போ தரையில போடாதீங்க, கீழ பாத்த மாதிரி ஒரு மூடி வச்சு தொங்க விடுங்க. ஓட்டும்போது கேபிள் ரோட்டுல உரசாம, திருப்பத்துல இழுபடாம நீளம் இருக்கணும். பின்னுங்களைக் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைச்சு டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாத் தடவுங்க. அது கரண்டைக் கடத்தாது, பலர் கடத்தும்னு நினைச்சு அப்பி வைக்கிறாங்க, அதோட வேலை ஈரத்தை உள்ள விடாம தடுக்குறது மட்டும்தான்.

ஜங்ஷன் பாக்ஸ்ல ஒயர் எல்லாம் அடிப்பக்கமா நுழையணும், நுழையுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ இறங்கி மேல ஏறணும், அப்போ ஒயர் வழியா வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து வர்ற மெயின் லைனுக்கு 18 இன்ச்சுக்குள்ள ஃப்யூஸோ பிரேக்கரோ இருக்கான்னு பாருங்க. டங்ல திறந்த வெளில இருக்குற குட்டி மெட்டல் பிரேக்கர் துருப்பிடிச்சிருந்தா மாத்திட்டு மேல ரப்பர் மூடி போடுங்க.

படி 8: அடித்தகடும் எலியும்

நிறைய வண்டில அடியில கோரோபிளாஸ்ட்ங்குற பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருப்பாங்க, ஒயர் பாதி அதுக்கு மேல போகும். எங்கயாவது தொப்பை மாதிரி தொங்குனா உள்ள தண்ணி நிக்குது, முதல்ல குழாய் எங்க ஒழுகுதுன்னு பாருங்க. மூணு பக்கம் மட்டும் வெட்டி கதவு மாதிரி திறந்து வேலையை முடிச்சுட்டு, அதுக்குன்னு இருக்குற அகலமான டேப்ல ஒட்டிரலாம்.

எலிக்கு பென்சில் நுழையுற ஓட்டை போதும். டம்ப் பைப் (கழிவுத்தண்ணிக் குழாய்), கேபிள், கேஸ் பைப் நுழையுற இடங்கள்ல ஸ்டெயின்லெஸ் அல்லது செம்பு வலையைத் திணிச்சு, அதுக்கு மேல ஃபோம் அடிங்க. வெறும் ஃபோமைக் கடிச்சுட்டு வந்துரும், சாதா ஸ்டீல் வுல் துருப்பிடிச்சு உதிர்ந்துரும். உள்ள எலிப்புழுக்கை இருந்தா காஞ்சபடி கூட்டாதீங்க, வேக்குவமும் போடாதீங்க, ஹான்டா வைரஸ் தூசில பறந்து வரும். கையுறை போட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து நல்லா நனைச்சு, 5 நிமிஷம் விட்டு பேப்பர் டவல்ல எடுங்க.

எல்லாம் முடிஞ்சு காஞ்சப்புறம் ஃப்ரேமுக்கும் கிளாம்ப்புக்கும் ஃப்ளூயிட் ஃபிலிம் மாதிரி லானோலின் ஸ்ப்ரே அடிக்கலாம், ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற கொழுப்பு அது. பிரேக் டிரம் பக்கமும் டயர் பக்கமும் படவே கூடாது. ரப்பர் மேலயும் அதிகம் வேண்டாம், சில ரப்பர் ஊதிப்போகும். வருஷம் ஒரு தடவை மறுபடி அடிக்கணும்.

படி 9: ரோட்டுல இறங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட்

பேட்டரியை மாட்டி ட்ரக்கோட சேருங்க. ஒருத்தர் ட்ரக்ல உக்காந்து டெயில் லைட், இடது, வலது, பிரேக்னு ஒவ்வொண்ணாப் போடட்டும், நீங்க பின்னாடி நின்னு பாருங்க. அப்புறம் பிரேக் கன்ட்ரோலரை முழுசா அழுத்தச் சொல்லிட்டு நீல ஒயர்ல டிசி கிளாம்ப் மீட்டர் போடுங்க. சாதா மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 ஆம்ப் வரைக்கும்தான், நாலு பிரேக் வண்டில ஃப்யூஸ் போயிரும். நாலுக்கு 12 ஆம்ப் பக்கம் வரணும், 9 வந்தா ஒரு சக்கரம் வேலை செய்யலைன்னு அர்த்தம். அதே நேரத்துல கடைசி சக்கரத்துல வோல்ட் பாருங்க, முன்னாடி இருக்குறதுக்கும் அங்க இருக்குறதுக்கும் 1 வோல்ட்டுக்குள்ள வித்தியாசம் இருக்கணும். எங்களுக்கு ஒயர் மாத்துறதுக்கு முன்னாடி அந்த வித்தியாசம் 3க்கு மேல இருந்துச்சு, இப்போ 0.7.

கடைசியா பிரேக்அவே ஸ்விட்ச். ட்ரெயிலர் ட்ரக்ல இருந்து கழண்டு போனா அந்தப் பின் இழுபட்டு பேட்டரி கரண்ட் நேரா பிரேக்குக்குப் போகும், அதுதான் கடைசிக் காவல். டெஸ்ட் பண்றப்போ முதல்ல 7 பின் பிளக்கைக் கழட்டுங்க, இல்லைன்னா கன்ட்ரோலர் பாதிக்கப்படலாம். அப்புறம் பின்னை இழுத்துட்டு ட்ரக்கை முன்னாடி மெல்ல நகர்த்துங்க, ட்ரெயிலர் சக்கரம் பிடிச்சு நிக்கணும். பாத்ததும் பின்னை உடனே திரும்ப மாட்டிருங்க, ரொம்ப நேரம் விட்டா மேக்னட் சூடாகும், பேட்டரியும் இறங்கிரும்.

முதல் 50 மைல் ஓட்டிட்டு ஒரு ரெஸ்ட் ஏரியால நிறுத்தி அடியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, எந்த கிளாம்ப்பாவது தளர்ந்திருந்தா அங்கயே தெரியும். மண் ரோடு கேம்ப்கிரவுண்டு போயிட்டு வந்தா அந்த வாரமே ஸ்ப்ரிங்க்ளர் போட்டுக் கழுவுங்க. அக்டோபர்ல வண்டியை மூடி வைக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, மாஸ்கிங் டேப்ல போட்ட அந்த நம்பர் வரிசைல மறுபடி ஒரு சுத்து போட்டோ எடுத்து வச்சிருங்க, அடுத்த வசந்தத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எங்க மாறியிருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிரலாம்.